எதிர்த்தட்டில் நூற்றுப் பதினெட்டுக் கிலோ

வாழைக்குலையைத் தூக்கிப் பார்க்காமல், நின்ற இடத்தில் நின்று கண்ணால் பார்த்தே எடை சொல்லுகிறவன் நான். அரைக் கிலோ முன்னே பின்னே வராது. சந்தேகம் உள்ளவர்கள் நாகர்கோவில் சந்தையில் குலைக்கடை தாணு என்று கேட்டால் போதும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பதினொரு வயதில் தலையில் ஏறிய குலை முப்பது வயதில்தான் இறங்கியது. இன்று எனக்குக் கடை இருக்கிறது, சரக்கு வைக்கக் கிட்டங்கி இருக்கிறது, இரண்டு லாரி இருக்கிறது, பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் தோட்டம் இருக்கிறது. ஒருத்தன் தந்ததில்லை.

எடை குறைப்பதைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவர்களின் படத்தைப் பார்த்திருக்கிறேன். எல்லாரும் பிறந்ததிலிருந்தே ஒல்லி. நீந்தத் தெரியாதவன் கரையில் நின்று கை காலை அசைத்துக் காட்டுவதைப் போலத்தான் அது. நான் நடுக்குளத்தில் இரண்டு தடவை முங்கி எழுந்தவன். அதனால் எழுதுகிறேன். கையெழுத்து என்னுடையது. எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், விஷயத்தில் கை வைக்காதீர்கள்.

முதலில் தொப்புளுக்கு மேலே எலுமிச்சங்காய் அளவில் ஒரு புடைப்பு. இருமினால் வெளியே வரும், படுத்தால் உள்ளே போகும். நான் பெரிதாக எடுக்கவில்லை. அறுபத்தாறு வயதில் உடம்பில் ஏதாவது ஒன்று எட்டிப் பார்க்கத்தான் செய்யும். ஒரு நாள் கடையில் லோடு இறக்குகிறவர்களுக்கு ஏத்தன் குலையை எப்படித் தூக்க வேண்டும் என்று காட்டப்போய்த் தூக்கினேன். எலுமிச்சங்காய் மாங்காய் அளவு வந்து நின்றுவிட்டது. படுத்தேன், அமுக்கினேன், உள்ளே போகவில்லை. வேர்த்து ஊற்றியது.

ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை செய்கிற டாக்டரம்மா, மெலிந்த உருவம், மார்த்தாண்டம் பக்கத்துப் பேச்சு. என் வயிற்றில் கையை வைத்துப் பைய அமுக்கி அமுக்கி அதை உள்ளே அனுப்பினார். பிறகு ஒரு வளையத்துக்குள் என்னைப் படுக்கவைத்து, வயிற்றைத் துண்டு துண்டாகப் படம் எடுத்தார்கள். படம் வந்ததும் கூப்பிட்டார்.

"ஐயா, இது குடலிறக்கமாக்கும். வயித்துச் சுவருல ஓட்ட விழுந்திருக்கு. அதுவழியா குடலு வெளிய எட்டிப் பாக்குகு."

"தச்சு விட்டுருங்கம்மா."

"தைக்கலாம். நிக்காது. நீங்க சாக்குல சரக்கு கட்டுன ஆளுதான? நூறு கிலோ கொள்ளுற சாக்குல நூத்தி இருவது கிலோவ அமுக்கித் தச்சா, தையலு நிக்குமா?"

அந்த ஒரு பேச்சில் எனக்கு விளங்கிவிட்டது. வயிற்றுக்குள்ளே உள்ள கொழுப்பு உள்ளிருந்து நெட்டும், தையல் பிரியும். அது மட்டுமில்லை. கழுத்துக் கொழுப்பினால் மயக்க மருந்து கொடுக்கும்போது மூச்சுக்குழாய் வைப்பது கஷ்டம். சர்க்கரை ஏறிக் கிடப்பதால் புண் ஆறாது. அப்படியே விட்டாலோ, ஒரு நாள் குடல் அந்த ஓட்டையில் சிக்கி, ரத்த ஓட்டம் நின்று, அழுகிவிடும்.

"அழுகுனா?"

"நீங்க வந்து சேருகதுக்கு உள்ள நேரம்தான் உங்க ஆயுசு," என்றார். சுற்றி வளைக்கத் தெரியாத பெண். "இருவது கிலோ எறக்கிட்டு வாங்க. நான் தச்சுத் தாரேன்."

அங்கே இருந்த எடை மிஷினில் ஏற்றினார்கள். நூற்றுப் பதினெட்டு. மிஷின் தவறு என்று சொன்னேன். சிரித்தார்கள். ஆளை அனுப்பி என் கிட்டங்கித் தராசைப் பற்றி விசாரித்துக்கொள்ளச் சொன்னேன். அதற்கும் சிரித்தார்கள். பிறகு வீடு திரும்பியதும், குலை நிறுக்கிற என் சொந்தத் தராசிலே ஏறி நின்றேன். நூற்றுப் பதினெட்டு. அன்றுதான் முதல் தடவையாக ஒரு தராசு என்னைத் தோற்கடித்தது.

சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர ஐந்து நாள் வார்டில் வைத்திருந்தார்கள். காத்திருக்கும் இடத்தில் போட்டிருந்த நாற்காலிகள் கைப்பிடி வைத்தவை. நான் உட்கார்ந்தால் எழும்போது நாற்காலியும் கூடவே எழுந்து வரும். அதனால் நின்றேன். ரத்தம் எடுக்க நின்றேன், நெஞ்சுப் படம் எடுக்க நின்றேன். சர்க்கரைக்கு இரண்டு விதப் பரிசோதனை உண்டு. ஒன்று இன்றைக்கு உள்ள சர்க்கரையைச் சொல்லும். இன்னொன்று மூன்று மாதச் சராசரியைச் சொல்லும். ஒரு நாள் பட்டினி கிடந்து முதலாவதை ஏமாற்றலாம். இரண்டாவதை ஏமாற்ற முடியாது. அது ஊர் வாய் மாதிரி.

வார்டு நர்ஸ் ஸ்டெல்லா கடற்கரை ஊர்க்காரி. வீட்டில் ஒரு வாரமாகத் தின்றதை எல்லாம் எழுதச் சொல்லி நோட்டு தந்தாள். நான் நேர்மையாக எழுதிக் கொடுத்தேன். வாசித்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"பாட்டா, இதுல எழுதுனதுக்கு இவ்வளவு சர்க்கர ஏறாதே. கடையில ஒண்ணும் வாயில வைக்க மாட்டியளா?"

"பழம் ருசி பாப்பேன். அது தொழில்லா. தீனி இல்லியே."

"எத்தன பாப்பிய?"

"ஒரு நாளைக்கு... இருவது இருக்கும்."

"மாதாவே! எங்கப்பன் மீன் யாவாரம் பாட்டா. ருசி பாக்கதுக்கு அவரு தெனம் இருவது சாளையப் பொரிச்சா தின்னுகாரு?"

வார்டே சிரித்தது. பக்கத்துக் கட்டில்காரர் தையல் வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாற்பது வருடமாக நான் தொழில் என்று நினைத்து விழுங்கியதை எல்லாம் அந்தப் பெண் ஒரு நிமிஷத்தில் தீனிக் கணக்கில் சேர்த்துவிட்டாள். மட்டி, செவ்வாழை, ரசகதலி, பேயன் எல்லாமும் என் வயிற்றில் தோட்டம் போட்டிருக்கிறது.

நான்காம் நாள் என் வீட்டுக்காரி கோமதி நெற்றியில் குங்குமத்தோடு வந்தாள்.

"கேட்டேளா, பகவதி அம்மனுக்குத் துலாபாரம் நேந்திருக்கேன்."

எங்கள் ஊர்க் கோயிலில் அது உண்டு. பெரிய தராசில் ஒரு தட்டில் ஆள் உட்கார வேண்டும். மறுதட்டில் பழமோ சர்க்கரையோ ஏற்றி, தட்டு சமமானதும் அதை அம்மனுக்குக் கொடுக்க வேண்டும். எனக்கு வலியெல்லாம் மறந்துவிட்டது.

"நூத்திப் பதினெட்டு கிலோ மட்டிப்பழம்! நம்ம ஊருல இதுவரைக்கும் ஒருத்தன் குடுத்திருப்பானாட்டி?"

"அது இல்ல. நான் நேந்தது என்னன்னா..."

"எடை விஷயத்துல எனக்கு நீ சொல்லித் தராத."

அவள் வாயை மூடிக்கொண்டாள். வாசிக்கிறவர்கள் இந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழு மாதத்தில் இருபத்தொரு கிலோ இறக்கினேன். எழுதுவதற்கு ஒரு வரி. இறக்கியவனுக்குத்தான் தெரியும். காலையில் குழாய்ப் புட்டில் பாதி, பயறு. பழம் கிடையாது. பதினொரு மணிக்குச் சர்க்கரை போடாத சாயா. பழம்பொரி கிடையாது. மத்தியானம் ஒரு கரண்டிச் சோறு, மற்றதெல்லாம் காய். சாயங்காலம் வயல் வரப்பில் ஒரு மணி நேர நடை. கோமதி எனக்குப் போட்டதையே தனக்கும் போட்டுக்கொண்டாள். அவளுக்குப் பப்படம் என்றால் உயிர். எண்ணெய்ச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துப் பரணில் வைத்தவள், இன்றுவரை எடுக்கவில்லை. கடையில் லோடு இறக்குகிறவர்கள் பழம்பொரியை லாரிக்குப் பின்னால் ஒளிந்து நின்று தின்றார்கள். முதலாளிக்குப் பயந்து ஒளிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலாளி மேல் பிரியத்தினால் ஒளிந்தவர்களை அப்போதுதான் பார்த்தேன்.

தொண்ணூற்று ஏழில் போய் நின்றேன். டாக்டரம்மா ஓட்டையை மூடி, மேலே கொசுவலை போன்ற ஒரு வலையை வைத்துத் தைத்தார். அந்த வலைக்குள் நம் சதையே வளர்ந்து பிடித்துக்கொள்ளுமாம். பில் கனமாகத்தான் இருந்தது. கட்டினேன். நாலாம் நாள் நடந்தே வீட்டுக்குள் ஏறினேன்.

இத்தோடு கதை முடிந்தால் நான் எழுதியிருக்க வேண்டியதே இல்லை.

சந்தையில் எனக்கு எதிர்க்கடை செல்லப்பன். முப்பது வருடமாக எதிரே நிற்கிறான். நான் ஏலத்தில் ஒரு குலைக்குக் கை தூக்கினால் அவனும் தூக்குவான். நூற்றுப் பதினெட்டுக் கிலோ நேர்ச்சையைப் பற்றி நான் சந்தை முழுவதும் பெருமையடித்திருந்தது அவன் காதிலும் விழுந்திருந்தது. இரண்டு மாத ஓய்வுக்குப் பிறகு கடைக்குப் போன அன்றைக்குச் சாயாக் கிளாசோடு வந்தான்.

"என்ன அண்ணாச்சி, பாதி ஆளக் காணலியே! மீதிய ஆசுத்திரியிலயே வச்சிட்டு வந்தேரா?"

"இருவத்தொரு கிலோ எறக்கியிருக்கேன் ஓய். ஒம்மால ஒரு கிலோ முடியுமா?"

"அப்ப அம்மனுக்குத் தொண்ணூத்தேழுதானா?" என்று சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டான். "நேரும்போது நூத்திப் பதினெட்டு, குடுக்கும்போது தொண்ணூத்தேழு. நல்ல யாவாரமாக்கும். அம்மனுக்கே எடையில கை வச்சிட்டேரே!"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாழ்க்கையில் ஒரு விவசாயியிடம், ஒரு வியாபாரியிடம் எடையில் நான் ஒரு சீப்பு குறைத்ததில்லை. தலையில் சுமந்து வந்தவன் நான். எடைக்கு உள்ள மரியாதை எனக்குத் தெரியும். அம்மனிடம் இருபத்தொரு கிலோ களவாண்டவன் என்று ஊர் சொல்லுமா?

அன்றைக்கே தின்னத் தொடங்கினேன். வைராக்கியமாகத் தின்றேன். குறைப்பதற்கு எவ்வளவு வைராக்கியம் காட்டினேனோ அதைவிட இரண்டு பங்கு. கூட்டுவதற்கு வைராக்கியம் தேவையே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. உடம்பு வாசலில் காத்து நின்றதைப் போல ஓடி வந்து எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டது. கோமதி சமைக்க மறுத்தாள். ஓட்டலில் தின்றேன்.

"உங்களுக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? நான் அம்மனுக்கு நேந்தது..."

"நீ பேசாத. நேந்த அன்னைக்கு என்ன எடையோ, அதாக்கும் கணக்கு."

சித்திரையில் அம்மன் கோயில் கொடைவிழா வந்தது. கிட்டங்கித் தராசில் நூற்றுப் பதினைந்து காட்டியது. மூன்று கிலோ குறை. காலையில் இரண்டு குழாய்ப் புட்டு, ஆறு ஏத்தம்பழம், மூச்சைப் பிடித்து ஒரு சொம்பு நிறையத் தண்ணீர், அதற்கு மேல் இளநீர். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. தட்டில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மறுதட்டில் மட்டிக்குலைகள் ஏறின. நூற்றுப் பதினெட்டாவது கிலோவில் தட்டு சமமாக நின்றது. பெண்களின் குரவை எழுந்தது. கூட்டத்தில் செல்லப்பனைத் தேடிக் கண்டுபிடித்து ஒரு பார்வை பார்த்தேன். அந்தப் பார்வைக்காகத்தான் ஆறு மாதம் தின்றேன்.

இறங்கக் காலை ஊன்றினேன். வயிற்றுக்குள் கத்தியைச் செருகித் திருப்பியதைப் போல வலி. தொப்புளுக்கு மேலே கல் மாதிரி ஒன்று வெளியே வந்து நின்றது. அம்மன் சன்னதியிலேயே வாந்தி எடுத்தேன். என்னைத் தூக்கிக் காரில் போட்டவர்களில் கால் பக்கம் பிடித்தவன் செல்லப்பன். "மாட்டைத் தூக்குக மாதிரில்லா இருக்கு" என்று அவன் மூச்சு வாங்கியது காதில் விழுந்தது. என் ஆயுளில் பதில் சொல்லாமல் விட்டது அது ஒன்றுதான்.

வலையின் ஓரம் பிய்ந்து, அந்த இடைவெளியில் குடல் சிக்கிவிட்டது. உடனே திறக்க வேண்டும். ஆனால் வயிறு நிறையத் தீனி. மயக்கத்தில் அது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கினால் ஆள் அங்கேயே முடிந்தான். அதனால் மூக்கு வழியாகக் குழாய் விட்டு, நான் காலையில் அம்மனுக்காகத் தின்ற புட்டையும் பழத்தையும் கரைத்து இழுத்தார்கள். ஸ்டெல்லாதான் குழாயைப் பிடித்திருந்தாள். அன்று அவள் கேலி பேசவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. அதுவரை பயம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. கோமதியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். நேரம் இல்லை என்றார்கள்.

குடலில் ஒரு சாண் கறுத்துப் போயிருந்தது. அதை வெட்டி எடுத்து இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் கண் திறந்தபோது டாக்டரம்மா கட்டில் முனையில் நின்றார்.

"எனக்கு ஒரு காரியம் மட்டும் சொல்லுங்க. நான் பாடுபட்டுத் தச்சத ஏன் ஐயா பிச்சு எறிஞ்சீங்க?"

குழாயோடு, குரல் இல்லாமல், துலாபாரத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் கோமதியைப் பார்த்தார். கோமதி சேலை முந்தியால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அழுகிறாள் என்று நினைத்தேன். ஆத்திரம்.

"நான் ஒங்க எடைக்கு நேரவே இல்லியே," என்றாள். "நேந்த அன்னைக்குச் சொல்ல வந்தேன். வாயப் பொத்துனேள். பொறவும் சொல்ல வந்தேன். பேசாதன்னேள். பகவதியம்மா, இவரு எத்தன கிலோ எறக்குகாரோ, அத்தன கிலோ பழம் தாரேன்னுதான் நான் நேந்தேன். இவரு எறக்குகத ஒனக்குத் தாரேன், திரும்பிக் குடுத்துராத தாயேன்னு கும்பிட்டேன். நீங்க என்னடான்னா, அம்மன் கையில இருந்து பிடுங்கித் தின்னுட்டு வந்து கெடக்கேள்."

நாற்பது வருட வியாபாரத்தில், தரம் என்ன, தண்டுக்கு எவ்வளவு கழிவு என்று கேட்காமல் நான் ஒரு குலை வாங்கியதில்லை. என் வீட்டுக்காரி என்ன நேர்ந்தாள் என்று மட்டும் கேட்கவில்லை. இந்த எழுத்தில் நான் ஒத்துக்கொள்ளப் போகிற பிழை இது ஒன்றுதான். வேறே தேட வேண்டாம்.

"இனி ஒரு தடவ சிக்குனா, வெட்டித் தைக்க வயித்துல நல்ல எடம் இல்ல ஐயா," என்றார் டாக்டரம்மா. "எறக்குகது நீங்க செஞ்சு காட்டிட்டீங்க. எறங்கின எடத்துல நிக்கணும். அதுதான் கஷ்டமாக்கும்."

நிற்பதில் என்ன கஷ்டம் என்று கேட்டேன். அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். குண்டாக இருந்து மெலிந்தவன் உடம்பு, மெலிந்தே இருந்தவன் உடம்பைப் போல அல்ல. அது பழைய எடையை ஞாபகம் வைத்திருக்கும். பஞ்சம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளும். பசியைக் கூட்டும், செலவைக் குறைக்கும். தொண்ணூற்று இரண்டு கிலோவில் பிறவியிலேயே நிற்கிற ஒருத்தன் மூன்று தோசை தின்னலாம் என்றால், நூற்றுப் பதினெட்டிலிருந்து தொண்ணூற்று இரண்டுக்கு வந்தவன் இரண்டரைதான் தின்னலாம். அநியாயம் என்றேன். அநியாயம்தான் என்றார்.

அநியாயத்துக்கு அடங்குகிறவன் நான் இல்லை. பதினான்கு மாதத்தில் மறுபடி இறக்கினேன். தொண்ணூற்று இரண்டு. அதற்குப் பிறகுதான் உண்மையான சண்டை. இறங்கும்போது ஊரே கை தட்டும். இறங்கின இடத்தில் நிற்பதற்கு எவனும் தட்ட மாட்டான். "என்ன அண்ணாச்சி, சீக்கா?" என்று கேட்பான். கல்யாண வீட்டில் இலையில் உட்கார்ந்தால் அடைப்பிரதமன் பாயச வாளியோடு பெண் வீட்டுக்காரர் நேரே வந்து நிற்பார். "ஒரு கரண்டி. எங்க வீட்டு விசேஷத்துக்கு ஒரு கரண்டி தின்ன மாட்டேரா?" நான் இலை மேலே கையை விரித்து வைத்துக்கொள்வேன். ஒரு தடவை கையிலேயே ஊற்றிவிட்டார்கள். கழுவிவிட்டு வந்து மறுபடி கையை வைத்தேன். பழத்தை ருசி பார்ப்பதில்லை. மோந்து பார்த்துச் சொல்கிறேன். அதிலும் நான்தான் சந்தையில் முதல்.

நேர்ச்சை பாக்கி நின்றது. இறக்கின எடையை எப்படி நிறுப்பது? இல்லாத சாமானைத் தட்டில் வைக்க முடியுமா என்று பூசாரி கையை விரித்தார். பள்ளிக்கூடம் போனவர்கள் நாலு பேர் உட்கார்ந்து யோசித்தார்கள். ஐந்தாம் வகுப்புக்காரன் நான் வழி சொன்னேன். எதிர்த்தட்டில் நூற்றுப் பதினெட்டுக் கிலோவுக்குக் கல்லை வையுங்கள். அது பழைய தாணு. இந்தத் தட்டில் நான் உட்காருகிறேன். நான் மேலே போவேன். தட்டு சமமாகும் வரைக்கும் என் பக்கத்தில் பழத்தை ஏற்றுங்கள். ஏறுகிற பழம் அம்மனுக்கு.

முதல் வருடம் இருபத்தாறு கிலோ ஏறியது. இரண்டாம் வருடம் இருபத்து நாலுதான். இரண்டு கிலோ எனக்குத் தெரியாமல் திரும்பி வந்திருந்தது. ஊர் பார்த்தது. தட்டில் அந்தரத்தில் உட்கார்ந்திருக்கிறவனால் எங்கே ஒளிய முடியும்? செல்லப்பன் செல்போனில் படம் பிடித்துச் சந்தை முழுவதும் அனுப்பினான். நல்லது. அனுப்பட்டும். அந்தப் படத்தைக் கடைச் சுவரில் ஒட்டி வைத்து அந்த வருடம் முழுவதும் பார்த்தேன்.

இந்தச் சித்திரையில் பழம் ஏற்றினவன் செல்லப்பனே. நான்தான் கூப்பிட்டேன். எடையில் கை வைத்தேன் என்று சொன்னவன் கையாலேயே நிறுக்கட்டும். கல் தட்டு தரையில் கிடந்தது. நான் மேலே தொங்கினேன். அவன் மட்டிச் சீப்புகளை என் மடியிலும் முட்டியைச் சுற்றிலும் அடுக்கினான்.

"இருவத்து நாலு ஆச்சு. போதுமா ஓய்?"

"தட்டப் பாரும்."

"இன்னும் கேக்கு." ஒரு சீப்பு வைத்தான். இன்னொன்று வைத்தான். "இருவத்தஞ்சு. எறங்க மாட்டேங்கேரே! என்னத்தத் தின்னுட்டுக் கெடக்கேரு, காத்தையா?"

கீழே கோமதி தட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இருபத்தாறில் தட்டு அசைந்து, பைய இறங்கிச் சமமாக நின்றது. முந்தியால் வாயைப் பொத்திக்கொண்டாள். இந்தத் தடவை ஆத்திரம் இல்லை.

பழத்தைப் பங்கு வைத்தார்கள். ஆளுக்கு ஒன்று. என் பங்கை வாங்கி, மோந்து பார்த்துவிட்டு, செல்லப்பன் கையில் கொடுத்தேன்.

அந்த நூற்றுப் பதினெட்டுக் கிலோ கல்லையும் கோயில் மடப்பள்ளி மூலையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். போகும்போதும் வரும்போதும் பார்க்கிறேன். எனக்காகத்தான் காத்துக் கிடக்கிறது. கிடக்கட்டும்.